பச்சை மூடி போட்ட டயர்கள்

டயர் கடையில் போய் நின்றால் இப்போதெல்லாம் முதல் கேள்வி இதுதான்: "அங்கிள், நைட்ரஜனா, சாதா காத்தா?" பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்தவர்கள் புது டயர் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஏதோ காற்றையே நான்தான் கண்டுபிடித்தேன் என்பதுபோல ஒரு மரியாதை. எதை வேண்டுமானாலும் போடுங்கள், வாரம் ஒருமுறை காற்று அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள் என்பேன். அந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. இரண்டில் ஒன்று ஜெயித்தது என்று சொன்னால்தான் திருப்தி.

எழுத உட்காரும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், பக்கத்து இலைக்காரரிடம் பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவகி என்று ஒரு பொம்பளை டிரைவர், நைட்ரஜன் டயரில் சாதா காற்றைக் கலந்து பஸ் டயரை வெடிக்க வைத்த கதை. எனக்கு வந்த கோபத்தில் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டேன். அன்றைக்கு நடந்தது அதுவல்ல. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். எழுபதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு டயர் கடையில் சேர்ந்து, கடப்பாரை பிடிக்கவும் டியூப் ஒட்டவும் கற்றுக்கொண்டு, சில வருஷங்களில் அதே ஊரில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறைக்கு மாறினேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கடைசிப் பத்து வருஷங்களுக்கு மேல் டயர் பகுதி என் பொறுப்பில் இருந்தது.

அந்தப் பட்டறைக்குத் தலைவர் சிவபாதம். யாழ்ப்பாணக் குடும்பம், அவருடைய தாத்தா காலத்திலிருந்தே மலாயாவில் அரசாங்க உத்தியோகம். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா. பஸ்ஸுக்கு அடியில் பார்க்க வேண்டுமானால் கைக்குட்டையை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஒரு முழங்காலை ஊன்றுவார். எழும்போது கைக்குட்டையை உதறி மறுபடியும் மடித்து வைத்துக்கொள்வார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. எங்களில் சிலருக்கு அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னால் ஆள் புரிவார். அப்போது பஸ் சக்கரங்களில் டயர் கழன்று வராமல் இருக்க ரிம்மின் விளிம்பில் ஓர் இரும்பு வளையம் மாட்டியிருக்கும். அது சரியாக உட்காராமல் காற்றடித்தால் தெறித்து வரும். எதிரே நிற்பவன் தலை தப்பாது. அதனால் சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பது விதி. பட்டறையில் என் நண்பர் ஒருவர் அவசரத்தில் கூண்டுக்கு வெளியே வைத்தே அடிக்கத் தொடங்கிவிட்டார். சிவபாதம் வந்து, குழாயை மூடச் சொன்னார். வளையம் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது சார் என்றார் நண்பர்.

"பாத்தனீரோ, நினைச்சனீரோ?" என்று கேட்டார் சிவபாதம்.

காற்றை முழுவதும் இறக்கச் சொல்லி, கைக்குட்டையைப் போட்டு மண்டியிட்டு, வளையத்தைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே வந்தார் சிவபாதம். ஓரிடத்தில் விரல் நின்றது. எங்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். நண்பர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

காலையில் பஸ் எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் நீளக் கைப்பிடி போட்ட மரச்சுத்தியால் எல்லா டயரையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த வழக்கம்தான். காற்று நிறைந்த டயர் சுத்தியைத் திருப்பி எறியும். குறைந்த டயர் 'தொப்' என்று அமுங்கிவிடும். பஸ்ஸின் பின்பக்கம் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டிரண்டு டயர். வெளியே தெரிவது ஒன்று, அதை ஒட்டி உள்ளே மறைந்திருப்பது ஒன்று. நீளச் சுத்தி அந்த உள்டயருக்காகத்தான். டிரைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தட்டுவார்கள். கோயில் மணி அடிச்சாச்சு, சாமி புறப்படலாம் என்று கேலி பேசுவார்கள். ஆனால் தட்டாமல் யாரும் கிளம்பியதில்லை.

தொண்ணூறுகளில் நைட்ரஜன் வந்தது. கம்பெனி மேனேஜர் தனராஜ் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து ஓர் ஏஜெண்டை வரவழைத்தார். பெரிய சிலிண்டர்கள் இறங்கின. விமானச் சக்கரத்துக்கு இதைத்தான் அடிக்கிறார்கள் என்றார் ஏஜெண்ட். இந்த வாயுவில் ஈரம் இல்லை, ரிம் துருப்பிடிக்காது, சாதா காற்றைவிட மெதுவாகத்தான் கசியும் என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். சிவபாதமும் கேட்டுவிட்டுச் சரிதான் என்று தலையாட்டினார். நைட்ரஜன் அடித்த டயர்களுக்கு அடையாளமாக வால்வில் பச்சைப் பிளாஸ்டிக் மூடி போட்டோம்.

வினை அதற்குப் பிறகுதான். மெதுவாகக் கசியும் என்றது, கேன்டீனைத் தாண்டி வருவதற்குள் கசியவே கசியாது என்று ஆனது. கலக்காமல் இருந்தால் நல்லது என்றது, கலக்கக் கூடாது என்று ஆகி, டிரைவர்கள் வாயில் கலந்தால் வெடிக்கும் என்றே ஆகிவிட்டது. கடைசியில் மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார். பச்சை மூடி போட்ட டயரைக் கிள்ளான் டிப்போவுக்கு வெளியே யாரும் தொடக்கூடாது. பஸ் வாரத்துக்கு ஒருமுறை டிப்போவுக்கு வரும்போது நாங்கள் பார்த்துக்கொள்வோம். மரச்சுத்திகள் ஸ்டோருக்குப் போயின. உத்தரவின் அடியில் சிவபாதத்தின் கையெழுத்தும் இருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. தொழிற்சாலை பஸ்களில் பாதி, டிரைவர் வீட்டுப் பக்கமே இரவில் நிற்பவை. காஜாங்கில் நிற்கிற பஸ்ஸை வாரம் பூராவும் யார் பார்ப்பது என்று சிவபாதத்திடம் போய்க் கேட்டேன். வாரத்துக்கு ஒருக்கால் வருகிறதுதானே என்றார். அவ்வளவுதான். அவரே சொன்னபிறகு நான் என்ன பேசுவது என்று திரும்பிவிட்டேன்.

அந்தக் காஜாங் பஸ்ஸை ஓட்டியவள்தான் தேவகி. அவள் புருஷனும் எங்கள் கம்பெனியில் டிரைவராக இருந்தவர்தான். முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்ததும், இவள் படித்து, பஸ் ஓட்டும் பி.எஸ்.வி. லைசென்ஸ் எடுத்து, அவர் ஓட்டிய பஸ்ஸையே கேட்டு வாங்கினாள். ஷா ஆலமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குக் காஜாங், ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்துப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. தொடக்கத்தில் சிரித்தவர்கள் பின்னால் சிரிக்கவில்லை. பெற்றவர்கள் தேவகி பஸ் என்றால்தான் பெண்ணை அனுப்புவோம் என்று சொல்லும் அளவுக்குப் பேர் எடுத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மழையில், ஸ்ரீ கெம்பாங்கானை நெருங்கும்போது அந்த பஸ்ஸின் பின்பக்க இடது டயர் வெடித்தது. பஸ் ஓரத்துக்கு இழுத்தது. தேவகி ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துச் சாலையோரத் தடுப்பை உரசி நிறுத்திவிட்டாள். சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த ஸீட்டில் உட்கார்ந்திருந்த பரிமளா என்ற பெண்ணுக்குக் கீழே விழுந்ததில் கை ஒடிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

அன்று இரவே மேனேஜர் விசாரித்தபோது தேவகி எதையும் மறைக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் இடது பக்கப் பின்டயர் இளகியிருந்தது போலத் தோன்றியதாம். காஜாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பச்சை மூடியைக் கழற்றிச் சாதா காற்று அடித்தாளாம். போதாதா? வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டிரைவரின் தவறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டால் லைசென்ஸும் போய்விடும். அது போனால் அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை. வழியில் நின்ற பஸ்ஸுக்கு வேறு சக்கரம் மாட்டப் போன பழுது லோரி, கழற்றிய இரண்டு சக்கரங்களைக் கொண்டுவந்து என் பகுதியில் உருட்டிவிட்டுப் போனது. ஒன்று வெடித்துக் கிழிந்தது, மற்றது முழுசாக இருந்தது. சிவபாதம் விடுப்பில் ஈப்போவுக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். பகலில் பழைய டயர் எடுக்கிற லோரி வழக்கம்போல வந்து நின்றது. அந்த ஆட்கள் கிழிந்த டயரைத் தூக்கப் போனார்கள். வேண்டாம் என்றேன். மேனேஜர் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் என்றார்கள். வேறு வழி தெரியாமல் டயர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தனராஜே வந்துவிட்டார். கெட்ட மனுஷர் அல்ல. தொழிற்சாலை ஒப்பந்தம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் இந்த விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தார்.

"என்னா மாரி, டயர நாற்காலி ஆக்கிட்டியா?"

"சார் திங்கக்கெழம வருவாரு, போஸ். அவரு பாக்காம இது வெளிய போவாது."

"பாக்க என்னா இருக்கு? அவளே ஒத்துக்கிட்டா லா."

"அவ ஒத்துக்கிட்டா. டயரு இன்னும் ஒன்னும் சொல்லலயே."

அவர் முகம் சிவந்தது. உன் வேலையும் போகும் என்றார். போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். பழைய டயர் லோரிக்காரர்கள் நேரமாகிறது என்று ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு சக்கரங்களையும் ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காஜாங்குக்குப் போய் தேவகியைப் பார்த்தேன். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளறையில் அவள் புருஷன் படுத்தபடியே வாங்க என்று கையைத் தூக்கினார். வேலை போவதைப் பற்றி அவள் பேசவே இல்லை. "நான் கலந்ததுனாலதான் வெடிச்சிச்சி அண்ணே. அந்தப் புள்ள கைய நான்தான் ஒடச்சேன்" என்றாள். அவள் அதை முழுசாக நம்பிவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எந்த டயருக்குக் காற்றடித்தாய் என்று கேட்டேன். பின்னால் இடது பக்கம் என்றாள். அங்கே இரண்டு இருக்கிறதே, எது?

"வெளிய இருக்கிறதுதான். உள்டயருக்கு எப்புடி அடிக்கிறது? வால்வு உள்ளாற இருக்கு, கையே எட்டாதே."

சரி, வெடித்தது எது? அவளுக்குத் தெரியவில்லை. மழையில் பெண்களை இறக்கி ஓரமாக நிறுத்துவதிலும் பரிமளாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதிலும் இருந்தவள் சக்கரத்துப் பக்கம் போகவே இல்லை. உள்டயரை மாற்ற வேண்டுமானால் வெளிடயரையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இரண்டு சக்கரங்கள் வந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை சிவபாதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெடித்தது உள்டயராக இருக்கலாம் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அந்தப் பழைய கேள்வி இருந்தது. வாரும் என்று எழுந்தார்.

ஸ்டோரைத் திறந்து இரண்டு சக்கரங்களையும் வெளிச்சத்துக்கு உருட்டினோம். கைக்குட்டை தரைக்கு வந்தது. முதலில் ரிம்களைப் பார்த்தார். உள்சக்கரத்தின் ரிம் பிரேக்கை மூடிக்கொண்டு நிற்கும். பிரேக்கிலிருந்து உதிரும் கருந்தூள் சூட்டில் வெந்து அதன் உட்புறத்தில் படிந்துவிடும், மழைக்கெல்லாம் போகாது. கிழிந்த டயரின் ரிம்மில் அந்தக் கரி அப்பியிருந்தது. முழு டயரின் ரிம்மில் பளிச்சென்று பெயின்ட் தெரிந்தது. பழுது லோரிக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். உள்ளே இருந்ததுதான் கிழிந்திருந்தது என்றார் அவர். இத்தனை நாளும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அத்தோடு சிவபாதம் விடவில்லை. கிழிந்த டயரை விரித்துப் பிடிக்கச் சொன்னார். உள்ளே கையை விட்டு எடுத்தார். விரல்களில் ரப்பர் தூள். டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு கறுத்த வளையம், அங்கே நூல்கள் பிய்ந்து பஞ்சாகக் கிடந்தன. காற்றுக் குறைந்த நிலையிலேயே பாரத்தோடு வெகுதூரம் மடங்கி மடங்கி ஓடிய டயர் அப்படித்தான் சாகும். ஒரே நாளில் அது வருவதில்லை. அந்த பஸ், விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பயணத்துக்கு அனுப்பப்பட்டதால் டிப்போவுக்கே வரவில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

கிழிந்த டியூபில் வால்வு மட்டும் மிஞ்சியிருந்தது. பச்சை மூடி இறுக்கமாகவே இருந்தது. அதைக் கழற்றி, உள்ளே காற்றை அடைத்து நிற்கும் ஊசியை எடுத்து, நல்ல டியூப் ஒன்றின் வால்வில் பொருத்தச் சொன்னார். நைட்ரஜனே அடியும் என்றார். அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினேன். வால்வு வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஊசி பழுது; நைட்ரஜனும் கசியத்தான் செய்தது.

கடைசியாக, முழுசாக இருந்த டயரில் கேஜை வைக்கச் சொன்னார். தேவகி சாதா காற்று அடித்த டயர் அது. முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. உள்ளே இருந்தது கிழிந்த பிறகு அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதையும் அந்த ஒரு டயர்தான் தாங்கியிருக்கிறது. அவள் பயந்து பயந்து அடித்த காற்றின் மேல்தான் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் ஓரம் சேர்ந்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

சிவபாதம் எழுந்து கைக்குட்டையை உதறினார். மடிக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார். பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். தனராஜ் கேட்டுவிட்டு, அப்படியானால் நைட்ரஜனே வேண்டாமா என்று கேட்டார்.

"நைட்ரஜனில ஒரு பிழையும் இல்லை. நாங்கள் மூச்சு விடுற காத்தில அஞ்சில நாலு பங்கு அதுதான். ரெண்டும் சண்டை பிடிக்காது. பிழை எங்கட உத்தரவில. அதில கையெழுத்து வைச்சது நான். எழுதிறதெண்டால் என்ர பேரை எழுதும்."

அவரைவிடப் பல வருஷம் இளையவர் தனராஜ். அவர் எழுந்து நின்றுவிட்டார். கம்பெனியின் அறிக்கையில் வால்வுக் கசிவு என்றும் பராமரிப்பு உத்தரவில் குறை என்றும் எழுதினார்கள். மரச்சுத்திகள் வெளியே வந்தன. எந்த டயரானாலும் தினமும் பார்க்க வேண்டும், குறைந்தால் எங்கே கிடைக்கிற காற்றையும் அடிக்கலாம் என்று புது உத்தரவு வந்தது. பச்சை மூடிகளை எடுக்கவில்லை; அவை பாட்டுக்கு இருந்தன.

தேவகியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தாள். மேனேஜர் பஸ் சாவியை மேசைமேல் வைத்தார். அவள் எடுக்கவில்லை.

"உள்டயரு வால்வுக்கு என் கை எட்டணும். கை எட்டாத டயர நம்பி நான் யாரையும் ஏத்த மாட்டேன், போஸ்."

வால்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வர ஒரு குழாய் உண்டு. செலவு என்று வாங்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த சாமான். தனராஜ் சிவபாதத்தைப் பார்த்தார். சிவபாதம் என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலமே அவள் பஸ்ஸுக்கு மாட்டினேன், அந்த மாதத்துக்குள் எல்லா பஸ்ஸுக்கும். தன் பஸ்ஸில் மாட்டிய குழாய்களை அவள் குனிந்து கைவைத்துப் பார்த்த பிறகே சாவியை எடுத்தாள்.

ஆனால் பெண்கள் உடனே திரும்பி வந்துவிடவில்லை. சிலர் வேறு வண்டியில் போனார்கள். காற்றைக் கலந்தவள் என்ற பேச்சு, உத்தரவு மாறியதும் மாறிவிடுமா? தேவகி யாரோடும் வாதாடவில்லை. பாதி ஸீட் காலியாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பரிமளா கைக்கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு, அன்று காலை நானும் காஜாங் நிறுத்தத்தில் போய் நின்றேன். பரிமளா வந்தாள், அவள் அம்மாவும் கூடவே வந்திருந்தார். பஸ் கதவு திறந்தது. பரிமளா ஏறவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தேவகி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கேஜைப் பரிமளா கையில் வைத்து, முள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் காட்டினாள்.

பரிமளா தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, ஒடிந்து கூடிய கையால் ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தாள். இடது பக்க உள்டயரை இரண்டு தடவை பார்த்தாள். எழுந்து கேஜைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி, எல்லா ஸீட்டும் காலியாக இருக்க, அந்தச் சக்கரத்துக்கு மேலே இருந்த தன் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள்.